மாணவர்களுக்கு எந்தத் திறமூலத் திட்டம்? சுங்கை சிப்புட் மாலை வகுப்பில் ஃபங்ஷனல் நிரலாக்கம்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு மதிப்பை வாங்கி இன்னொரு மதிப்பைத் தரும் ஃபங்ஷன்களைக் கோத்து நிரல் எழுதும் முறை ஃபங்ஷனல் நிரலாக்கம். அதைக் கற்கும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். மேப் (பட்டியலின் ஒவ்வொன்றையும் மாற்றுவது), ஃபில்டர் (வேண்டியதை மட்டும் எடுப்பது), ஃபோல்ட் (பட்டியலை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரே விடையாக்குவது) எல்லாம் பிடிபட்டுவிடும். ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைக்கும் ரிகர்ஷனும் வந்துவிடும். எந்தப் பயிற்சிக் கணக்கைக் கொடுத்தாலும் போட்டுவிடுவார்கள். ஆனால் இந்த முறையில் ஒரு முழு மென்பொருளை எப்படி எழுதுகிறார்கள் என்று கேட்டால் பதில் வராது. அப்போது எல்லோரும் சொல்லும் அறிவுரை, "திறமூலத் திட்டம் ஒன்றை எடுத்துப் படி" என்பது. மூல நிரலை யாரும் படிக்கவும் மாற்றவும் திறந்து வைத்த மென்பொருளே திறமூலம். எந்தத் திட்டத்தை என்று சொல்பவர்கள் குறைவு.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் இந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்டோம். ஹாஸ்கல் என்ற ஃபங்ஷனல் மொழியில் எழுதப்பட்ட பாண்டாக், ஷெல்செக், எச்லெட்ஜர் ஆகிய மூன்று திட்டங்களை மாணவர்கள் படித்தார்கள். தமிழ் எழுத்துகளைப் பிரிக்கும் வேலை ஒன்றையும் தாங்களே செய்தார்கள். எது பலன் தந்தது, எது தரவில்லை, ஏன் என்பதே இந்த ஆய்வு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு திட்டம் எவ்வளவு பெயர் பெற்றது என்பது மாணவருக்கு முக்கியமில்லை. அது தரும் விடை சரியா தவறா என்று, யாரையும் கேட்காமல், அந்த மாணவரே சொல்ல முடிய வேண்டும். அதுதான் முதல் தகுதி.

ஊரும் மாணவர்களும்

ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கிறது சுங்கை சிப்புட். பால்மரத் தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த ஊர். இன்று அந்த நிலங்களில் பெரும்பகுதி செம்பனை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், தொழிலாளர்களின் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் வீ. தி. சம்பந்தன் இந்த ஊர்க்காரர். எங்கள் மாணவர்களின் தாத்தா பாட்டிகள் பிரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் அணிவகுப்புக்கு) போனவர்கள். அப்பா அம்மாக்களில் சிலர் இன்னும் தோட்டத்தில் இருக்கிறார்கள். மற்றவர்கள் தொழிற்சாலையிலும் கடைகளிலும்.

வகுப்பு கடைவீட்டு மாடியில் ஓர் அறையில் நடக்கிறது. வருபவர்கள் ஆறாம் படிவம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு), பாலிடெக்னிக், விடுமுறைக்கு வீடு வரும் பல்கலைக்கழக மாணவர்கள். எல்லோருக்கும் பைத்தானோ ஜாவாவோ ஓரளவு தெரியும். மடிக்கணினிகள் பழையவை, பலவற்றில் 4 ஜிபி நினைவகம்தான். எந்தத் திட்டத்தைத் தேர்வது என்பதில் இந்த 4 ஜிபிக்கும் பங்கு உண்டு என்பதால்தான் இதையும் எழுதுகிறேன்.

பாண்டாக்

முதலில் எடுத்தது பாண்டாக். ஜான் மேக்ஃபார்லேன் என்ற தத்துவப் பேராசிரியர் 2006-இல் வெளியிட்டது. ஒரு வடிவத்தில் இருக்கும் ஆவணத்தை இன்னொரு வடிவத்துக்கு மாற்றித் தரும். ஹாஸ்கல் தெரியாதவர்கள்கூட உலகம் முழுக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். ஃபங்ஷனல் வடிவமைப்புக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம். உள்ளே வரும் ஆவணத்தை ரீடர் ஒன்று கிளை பிரியும் ஒரு தரவு மரமாக்குகிறது. ரைட்டர் ஒன்று அந்த மரத்தை வேறு வடிவத்தில் எழுதுகிறது. எத்தனை வடிவங்கள் வந்தாலும் நடுவில் இருக்கும் மரம் ஒன்றே. பத்தி, தலைப்பு, பட்டியல் போன்றவை பிளாக் என்ற டைப்பில் (தரவு வகையில்) அடங்கும். சொல், இடைவெளி, தடித்த எழுத்து போன்றவை இன்லைன் என்ற டைப்பில் அடங்கும்.

கோயில் திருவிழா அறிவிப்பு ஒன்று வேர்ட் கோப்பாக இருந்தது. அதை பாண்டாக்கில் கொடுத்து நேட்டிவ் என்ற வடிவத்தில் வெளியே எடுத்தோம். அந்த மரம் அப்படியே திரையில் வந்தது. ஒவ்வொரு தமிழ்ச் சொல்லும் ஒரு கிளையில், நடுநடுவே இடைவெளிகள் தனித்தனியாக. ஒரு டைப் எப்படி உண்மையான ஆவணத்தைத் தாங்குகிறது என்பதை ஒரே மாலையில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். இதற்கு எதையும் கம்பைல் செய்ய (மூல நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்ற) தேவையில்லை; தயாராகக் கிடைக்கும் பாண்டாக் போதும். எந்த ஆசிரியரும் இதை நாளையே வகுப்பில் செய்து பார்க்கலாம்.

அதற்கு மேல் போக முயன்றபோதுதான் வேகம் குறைந்தது. பாண்டாக்கை மூலத்திலிருந்து கம்பைல் செய்ய அது சார்ந்திருக்கும் பெரிய நூலகக் கூட்டத்தையே (பிறர் எழுதிய தயார் நிரல்களை) கட்ட வேண்டும். பழைய மடிக்கணினிகள் திணறிவிட்டன. ஆனால் கணினியை மட்டும் குறை சொல்ல முடியாது. திறந்திருந்த இஷ்யூக்களை (தீர்க்க வேண்டிய குறைகளை) பார்த்தால் லாடெக் அட்டவணை, டாக்புக் அடிக்குறிப்பு, ஆர்க்-மோட் இணைப்பு என்று வேறு வேறு ஆவண வடிவங்களைப் பற்றியே இருந்தன. இவற்றில் எதையும் எங்கள் மாணவர்கள் வாழ்க்கையில் பயன்படுத்தியதில்லை. கோடு (நிரல்) புரிந்தது. மாற்றமும் செய்ய முடிந்தது. மாற்றிய பிறகு வந்த லாடெக் சரியா என்று கேட்டால், "சரி மாதிரிதான் இருக்கு, சார்" என்பதோடு நின்றார்கள். கற்றலுக்கு அது போதாது.

ஷெல்செக்

அடுத்தது வீதார் ஹோலன் எழுதிய ஷெல்செக். பாஷ் என்ற ஷெல் மொழியில் கணினிக்குக் கட்டளைகளைத் தொகுத்து எழுதிய ஸ்கிரிப்டைப் படித்து, அதிலுள்ள ஆபத்தான பழக்கங்களைச் சுட்டிக்காட்டும். மாறியை மேற்கோளுக்குள் போடாமல் விட்டால் 2086 என்ற எண்ணோடு எச்சரிக்கை வரும். பாஷ் எழுதுபவர்கள் பலருக்கும் இந்த எண் தெரிந்திருக்கும்.

மாணவர்களுக்கு இந்த மூலத்தில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஒவ்வொரு சோதனை ஃபங்ஷனுக்கும் பக்கத்திலேயே அதன் டெஸ்டுகளும் எழுதப்பட்டிருக்கின்றன. இந்த ஸ்கிரிப்டுக்கு எச்சரிக்கை வர வேண்டும், அந்த ஸ்கிரிப்டுக்கு வரக் கூடாது என்று ஒவ்வொன்றும் ஒரே வரி. ஃபங்ஷனைப் படிக்கும் முன் டெஸ்டைப் படித்தால் அது என்ன செய்யப்போகிறது என்று தெரிந்துவிடும். படிப்பதற்கு ஏற்ற கோடு எது என்று யாராவது கேட்டால் இன்றும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஆனால் எங்கள் வகுப்பில் ஒரே ஒரு மாணவனுக்குத்தான் இது முழுப் பலன் தந்தது. அவன் ஈப்போவில் பகுதி நேரமாக சர்வர் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறான்; தினமும் ஷெல் ஸ்கிரிப்டோடு மல்லுக்கட்டுகிறவன். புதிய சோதனை ஒன்றைத் தன் பிரதியில் எழுதி, அதற்கு டெஸ்டும் எழுதி, எந்த ஸ்கிரிப்டில் அது தவறாக எச்சரிக்கும் என்பதையும் அவனே கண்டுபிடித்தான். ஹாஸ்கலில் அவனைவிடத் தேறிய மாணவி ஒருத்தி பக்கத்திலேயே இருந்தாள். அவளுக்கு பாஷ் தெரியாது. பார்சரை (ஸ்கிரிப்டைப் பகுத்தறியும் பகுதியை) படித்தாள், புரிந்துகொண்டாள், அதோடு நின்றுவிட்டாள். ஒரே கோடு, ஒரே அறை, ஒரே ஆசிரியர். வேறுபட்டது அந்தத் துறை அறிவு மட்டும்தான். என் முடிவுக்கு இந்த வகுப்பில் கிடைத்த மிகத் தெளிவான சான்று இதுவே.

எச்லெட்ஜர், அப்புறம் 555 புத்தகம்

அந்த மாணவிக்கு மளிகைக் கடை உண்டு, அவள் அப்பாவுடையது. மலேசியாவில் சிறு கடைகளில் 555 என்று அட்டையில் போட்ட சின்னக் குறிப்புப் புத்தகத்தில் கடன் எழுதுவது வழக்கம். தோட்டத்து ஆட்கள் மாத நடுவில் அரிசி, பருப்பு, சார்டின் வாங்கிப் போவார்கள். சம்பளம் போட்டதும் வந்து ஒரு பகுதியைக் கட்டுவார்கள். அவளுக்கு எச்லெட்ஜரைக் கொடுத்தோம்.

எச்லெட்ஜர் 2007-இல் சைமன் மைக்கேல் ஹாஸ்கலில் தொடங்கிய கணக்கு மென்பொருள். ஜான் வீக்லியின் லெட்ஜர் என்ற பழைய கருவியின் வழியில் வந்தது. கணக்கு முழுவதும் சாதாரண உரைக் கோப்பில் இருக்கும். தேதி, விவரம், அதன் கீழே எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு எவ்வளவு என்ற வரிகள். ஒவ்வொரு பதிவிலும் வரவும் செலவும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும், வராவிட்டால் ஏற்காது. கோப்பைப் படித்து, பதிவுகளைத் தேர்ந்து, கூட்டி, அறிக்கையாகக் காட்டுவதே அதன் வேலை.

முதல் நாளே அவள் சொன்னாள்: "சார், அப்பா ஒரு வரியைக்கூட அழிக்க மாட்டாரு. தப்பா எழுதிட்டா கீழே இன்னொரு வரி எழுதுவாரு. மொத்தம் வேணும்னா முதல்லேருந்து கூட்டுவாரு." மாறாத தரவு என்ற கருத்தை நான் பல விதமாக விளக்கியிருக்கிறேன். அவள் சொன்ன அளவுக்குச் சுருக்கமாக எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. பாக்கி என்பது எங்கேயும் சேமித்து வைத்த எண் அல்ல. வரிகளின் மேல் போடும் ஃபோல்ட். அதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு கோடு படிப்பது வேறு மாதிரி நடந்தது. ஜர்னல் (கணக்கேடு), டிரான்சாக்ஷன் (ஒரு பதிவு), போஸ்டிங் (பதிவின் ஒரு வரி), அமௌண்ட் (தொகை) என்று டைப்புகள் வரிசையாக இருக்கும் கோப்பை முதலில் படித்தாள். ஒவ்வொன்றுக்கும் கடையில் ஒரு பொருள் இருந்தது. மிக்ஸ்ட்-அமௌண்ட் என்ற டைப்பில் கொஞ்சம் நின்றாள். பல பண்டங்களை ஒன்றாக வைத்திருக்கும் தொகை அது. ரிங்கிட்டோடு கிலோவைக் கூட்டி ஒரு எண்ணாக்க முடியாது, ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூட்டிப் போகலாம். செம்பனைக் குலை வெட்டும் அப்பாவைக் கொண்ட இன்னொரு மாணவன் உடனே பிடித்துக்கொண்டான்: குலை எண்ணிக்கையையும் பணத்தையும் ஒரே கோப்பில் எழுதலாம். வெறுமையான தொகை ஒன்று உண்டு, இரண்டு தொகையைச் சேர்க்கலாம், எப்படிப் பிரித்துக் கூட்டினாலும் விடை ஒன்றே. மோனாய்டு என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். அந்தப் பெயரை நான் கடைசியில்தான் சொன்னேன்.

ஒரு மாலை அவள் பிழை கண்டுபிடித்துவிட்டதாக வந்தாள். விற்பனை வருமானம் கழித்தல் குறியோடு வருகிறது. உண்மையில் அது பிழை அல்ல. எல்லாம் கூட்டிப் பூஜ்யம் வர வேண்டும் என்றால் ஏதாவது ஒரு பக்கம் கழித்தலில்தான் இருக்க வேண்டும்; பேலன்ஸ் கட்டளை அதை அப்படியே காட்டுகிறது, வருமான அறிக்கைக் கட்டளை குறியைத் திருப்பிக் காட்டுகிறது. குறி எங்கே திருப்பப்படுகிறது என்று தேடிக்கொண்டு போனதில் அறிக்கைப் பகுதியின் பாதிக் கோட்டை அவள் படித்துவிட்டாள். தேட ஒரு காரணம் கிடைத்தால் மாணவர்கள் படிக்கிறார்கள். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

மிகப் பயன் தந்தது ஐந்து சென் கணக்கு. ரிங்கிட்டில் நூறில் ஒரு பங்கு சென். மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல், ரொக்கமாகக் கட்டும்போது பில்லின் மொத்தத் தொகையை அருகிலுள்ள ஐந்து சென்னுக்குச் சரிசெய்கிறார்கள். கடைசி இலக்கம் 1, 2 சென் என்றால் கீழே போகும். 3, 4 சென் ஐந்தாகும். 6, 7 ஐந்தாகக் குறையும். 8, 9 பத்தாகும். இது ஒரு தூய ஃபங்ஷன். சென் தொகையை உள்ளே கொடுத்தால் சென் தொகை வெளியே வரும், வேறு ஒன்றும் நடக்காது. கோயன் கிளாசனும் ஜான் ஹியூஸும் 2000-இல் வெளியிட்ட குவிக்செக் என்ற சோதனைக் கருவி கொண்டு இதைச் சோதித்தோம். அதில் உதாரணம் எழுதத் தேவையில்லை. எப்போதும் உண்மையாக இருக்க வேண்டிய விதிகளை எழுதினால், அதுவே நூற்றுக்கணக்கில் எண்களைத் தயாரித்து முட்டிப் பார்க்கும். மாணவர்கள் எழுதிய விதிகள்: விடை ஐந்தின் மடங்காக இருக்கும்; மூலத் தொகையிலிருந்து இரண்டு சென்னுக்கு மேல் விலகாது; இரண்டு தடவை சரிசெய்தாலும் ஒரு தடவை செய்ததுதான் வரும்.

பிறகு ஒருவன் கேட்டான், ஒவ்வொரு பொருளையும் சரிசெய்துவிட்டுக் கூட்டினால் என்ன? தலா 1.02 ரிங்கிட்டில் மூன்று பொருள். முதலில் கூட்டினால் 3.06, சரிசெய்தால் 3.05. முதலில் சரிசெய்தால் தலா 1.00, கூட்டினால் 3.00. ஐந்து சென் காணாமல் போகிறது. குவிக்செக்கில் இரண்டும் சமம் என்று விதி எழுதிப் பார்த்தார்கள். அது உடனே எதிர் உதாரணம் கொடுத்தது. எந்த ஃபங்ஷனைக் கூட்டலுக்கு முன்னும் பின்னும் மாற்றி வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்ற பாடம், கடைக்காரர் மகள் இருந்த வகுப்பில் ஒரு விவாதமாகவே நடந்தது. எச்லெட்ஜர் ஏன் மிதவைப் புள்ளி எண்ணை (தசமத்தைத் தோராயமாக வைப்பதை) விட்டு டெசிமலை (துல்லியமாக வைப்பதை) பயன்படுத்துகிறது என்பதும் அன்றைக்கே தெளிவானது.

எச்லெட்ஜரில் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. அதன் டெஸ்டுகளில் ஒரு பகுதி, இந்தக் கோப்பைக் கொடுத்து இந்தக் கட்டளையை ஓட்டினால் இந்த விடை வர வேண்டும் என்ற வடிவில் எழுதப்பட்டவை. ஹாஸ்கல் தெரியாதவர்கூட எழுதலாம். கணக்குத் தெரிந்தால் போதும்.

தமிழ் எழுத்துகள்

கடைசி வேலை பெரிய திட்டம் அல்ல. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் திறமூல நூலகம் தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும். அதைப் பார்த்து, அதே வேலையை ஹாஸ்கலில் எழுதச் சொன்னோம். தமிழ்ப்பள்ளியில் படித்த மாணவர்கள் இதில் காட்டிய தன்னம்பிக்கையை வேறு எந்த வேலையிலும் நான் பார்க்கவில்லை.

தொடக்கம் எளிது. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய். இரண்டையும் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷனில் (பட்டியல்களிலிருந்து புதிய பட்டியல் கட்டும் வடிவில்) பெருக்கினால் 216 உயிர்மெய். அதோடு உயிரும் மெய்யும் ஆய்தமும் சேர்த்தால் 247. ஒரே வரிக் கோடு, விடையை ஒன்றாம் ஆண்டுப் பிள்ளையும் சரிபார்க்கும்.

சொல்லைப் பிரிப்பதில்தான் சுவாரசியம். "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தை ஹாஸ்கலிடம் கேட்டால் 5 என்கிறது. எலிக்சிர் என்ற இன்னொரு ஃபங்ஷனல் மொழியிடம் கேட்டால் 3 என்கிறது. ஹாஸ்கல் யூனிகோட் குறியீடுகளை (கணினி எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் தரும் எண்களை) எண்ணுகிறது. மி என்பதில் இரண்டு, ழ் என்பதில் இரண்டு. எலிக்சிர் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணுகிறது. இகரக் குறியை ஹாஸ்கலிடம் காட்டி இது எழுத்தா என்று கேட்டால் இல்லை என்கிறது; யூனிகோடில் அது ஒட்டுக்குறி வகை. மாணவர்கள் இதையே பயன்படுத்தினார்கள். ஒட்டுக்குறி வந்தால் முந்தைய எழுத்தோடு சேர், இல்லாவிட்டால் புதிய எழுத்தைத் தொடங்கு. அடுத்தடுத்து வருவதைக் குழுக்களாக்கும் குரூப்-பை என்ற ஃபங்ஷனை வைத்து ஒரே வரியில் முடிந்தது. விதியும் எழுதினார்கள்: பிரித்ததை ஒட்டினால் மூலச் சொல் திரும்ப வர வேண்டும். பிறகு ஒருத்தி, "கொ" என்ற எழுத்தை இரண்டு குறியீடாகவும் எழுதலாம், மூன்றாகவும் எழுதலாம், பார்க்க ஒன்றாக இருந்தும் கணினிக்கு அவை சமமில்லை என்று கண்டுபிடித்தாள். இரண்டையும் ஒரே வடிவாக்கும் யூனிகோட் சீராக்கம் என்ற பாடம் அங்கே தொடங்கியது.

அப்புறம் மாத்திரை, அதாவது எழுத்தை ஒலிக்கும் கால அளவு. எழுத்து என்ற டைப்புக்கு உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் என்று நான்கு வடிவம். உயிர்மெய் தனக்குள் ஒரு மெய்யையும் ஓர் உயிரையும் வைத்திருக்கும். குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, மெய்க்கும் ஆய்தத்துக்கும் அரை, உயிர்மெய்க்கு அதன் உயிருக்குரியது. ஆய்தத்தை ஒருவன் மறந்துவிட்டான், கம்பைலர் எச்சரித்தது. இப்படிச் சில வடிவங்களில் ஒன்றாக இருக்கும் ஆல்ஜீப்ராயிக் டைப்புக்கு நான் எத்தனையோ உதாரணம் பார்த்திருக்கிறேன், வட்டம், சதுரம் என்று. தமிழ் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமானது இருக்கும் என்று தோன்றவில்லை.

"தமிழ்" இரண்டரை மாத்திரை, சரி. "சுங்கை" என்ற சொல்லில் சண்டை வந்தது. நிரல் மூன்றரை என்றது. ஆறாம் படிவத்தில் தமிழ் எடுத்த மாணவி ஒப்பவில்லை. ஈற்றில் வரும் ஐகாரம் குறுகும், கை ஒரு மாத்திரைதான், ஆகவே இரண்டரை என்றாள். "காசு" என்பதில் கடைசி உகரமும் குற்றியலுகரம், அதற்கு அரை மாத்திரை. அவள் சொன்னது இலக்கணப்படி சரி. அப்படியென்றால் மாத்திரை என்பது எழுத்தை மட்டும் பார்த்துச் சொல்லும் ஃபங்ஷன் அல்ல. அது சொல்லில் எங்கே நிற்கிறது, அதற்கு முன்னால் என்ன வந்தது என்பதும் வேண்டும். மேப் போதவில்லை. முன்னால் வந்ததைச் சுமந்துகொண்டு போகும் ஃபோல்ட் தேவைப்பட்டது. இந்த மாற்றத்தை மாணவர்களே கேட்டு வாங்கினார்கள்.

தேர்வு செய்பவர்களுக்கு

திறமூலத் திட்டங்கள் வைக்கப்படும் கிட்ஹப் தளத்தில் புதியவர்களுக்கு ஏற்றது என்று ஒட்டப்படும் குறிச்சீட்டை மட்டும் நம்பிப் போக வேண்டாம். திட்டத்தை நடத்துபவருக்கு எளிதாகத் தெரிவது அது. உங்கள் மாணவருக்கு என்ன தெரியும் என்று அவருக்குத் தெரியாது. புல் ரிக்வெஸ்ட் (ஒரு திட்டத்துக்கு அனுப்பும் திருத்த வேண்டுகோள்) எண்ணிக்கையை இலக்காக வைப்பதையும் தவிர்க்கச் சொல்வேன். 2020-இல் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற திறமூலப் பங்களிப்பு விழாவில் பரிசுச் சட்டைக்காக அற்பத் திருத்தங்கள் வந்து குவிந்து, விரும்பிய திட்டங்கள் மட்டும் சேரலாம் என்று விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. தன் பிரதியில் ஒரு மாற்றம் செய்து, அது ஏன் சரி என்று விளக்க முடிந்தால், அதுவே எங்கள் வகுப்பில் தேர்ச்சி.

கணினி வசதியையும் முதலிலேயே பாருங்கள். ஹாஸ்கல் கம்பைலரை நிறுவவே சில ஜிபி இடம் வேண்டும். எலிக்சிர் இதைவிட இலகுவானது. டெஸ்ட் கருவி அதோடேயே வருகிறது. 2024 மார்ச்சில் முதல் நிலைப் பதிப்பு வந்த கிளீம் மொழியின் அறிமுகப் பாடங்களை உலாவியிலேயே ஓட்டலாம். எதையும் நிறுவத் தேவையில்லை. அடுத்த குழுவை கிளீமில் தொடங்கி, மாத்திரைக் கணக்கை அதில் எழுதவைத்து, பிறகு எச்லெட்ஜருக்கு வருவதாக முடிவு செய்திருக்கிறோம். ஷெல்செக் பாஷ் தெரிந்தவர்களுக்கு மட்டும். பாண்டாக்குக்கு அந்த ஒரு மாலை, திருவிழா அறிவிப்போடு.